பெரிய ரெயின் ஷவர் மாட்டினேன், தண்ணீர் சொட்டுகிறது. எந்த ஷவர் வாங்கலாம்?

மொட்டைமாடி:
வணக்கம். குளியலறையைப் புதுப்பித்தபோது 25 செ.மீ. அகலமுள்ள வட்டமான ரெயின் ஷவர் ஒன்று வாங்கி மாட்டினேன். கடையில் திறந்து காட்டியபோது நிஜ மழை மாதிரியே கொட்டியது. வீட்டில் நடு ஓட்டைகளில் மட்டும் நூல் நூலாக விழுகிறது, ஓரத்து ஓட்டைகளில் சொட்டுகிறது. தலைக்கு ஷாம்பூ போட்டால் நுரை போவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது.

ஒரே தளம் உள்ள வீடு. மாடியில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது, பம்ப் இல்லை. 25 லிட்டர் கீசர் இருக்கிறது. வீட்டில் நான், மனைவி, ஆறு வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. அம்மா ஒரு நாள் இந்த ஷவரில் குளித்துப் பார்த்துவிட்டு மறுபடி பக்கெட்டுக்கே போய்விட்டார். குனிந்து மொண்டு ஊற்றுவதுதான் அவருக்குக் கஷ்டம், அதற்காகத்தான் ஷவரே வைத்தேன். எல்லாருக்கும் சரிப்படுகிற மாதிரி எதை வாங்கலாம்?

நீர்த்துளி:
ரெயின் ஷவரைக் கழற்றினால் மரைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை இருக்கும். அதுதான் ரெஸ்ட்ரிக்டர், தண்ணீர் வரத்தைக் குறைப்பது. ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள், தண்ணீர் வரும். நான் அப்படித்தான் செய்தேன்.

கேணி:
எல்லா வீட்டுக்கும் அதைச் சொல்லாதீர்கள் நண்பரே. எங்கள் வீட்டில் பம்ப் அழுத்தம் அதிகம். அந்த வில்லையை எடுத்த பிறகு கீசர் தண்ணீர் பாதிக் குளியலிலேயே தீர்ந்து போனது. மறுபடி போட்டுவிட்டேன்.

குழாய்ப்பெட்டி:
இருவர் சொல்வதும் அவரவர் வீட்டுக்குச் சரி. மொட்டைமாடி, மாடல் பேச்சுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு இரண்டு அளவு வேண்டும். இருபது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். ஷவர் சரியில்லை என்று கூப்பிடுகிற வீடுகளில் ஷவரில் பழுதே இருக்காது, அந்த வீட்டுத் தண்ணீருக்கு அது ஒத்துவராமல் இருக்கும். இதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

முதல் அளவு உயரம். தொட்டியில் தண்ணீர் நிற்கிற மட்டத்திலிருந்து ஷவர் முகம் வரை நேர்செங்குத்தாக எவ்வளவு? அழுத்தத்தை அளக்கும் அலகு 'பார்'. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம், 1 மீட்டருக்கு 0.1 பார். தொட்டி எவ்வளவு பெரியது என்பதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. 500 லிட்டர் தொட்டியும் 5,000 லிட்டர் தொட்டியும் ஒரே மட்டத்தில் நின்றால் ஒரே அழுத்தம்தான் தரும். பெரிய தொட்டி வைத்தால் வேகம் வரும் என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது பக்கெட் சோதனை. 10 லிட்டர் பக்கெட்டை ஷவருக்கு அடியில் வைத்து, முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அப்புறம் ஷவரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயிலேயே பிடித்துப் பாருங்கள். இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் குழாயிலோ வால்விலோ அடைப்பு. வெறும் குழாயில் நன்றாக வந்து ஷவர் போட்டதும் குறைந்தால், ஷவர்தான் தடுக்கிறது. கழற்றும்போது உள்ளே சல்லடை இருந்தால் அதையும் பாருங்கள். புதுப்பித்த வீடுகளில் சிமென்ட் மணலும் டெஃப்லான் டேப் துணுக்கும் அதில் வந்து தங்கும்.

மொட்டைமாடி:
அளந்துவிட்டேன் அண்ணா. தொட்டி முக்கால்வாசி இருக்கும்போது நீர்மட்டத்திலிருந்து ஷவர் வரை 2 மீட்டர் 40 செ.மீ. ஷவரோடு பக்கெட் நிரம்ப 2 நிமிடம் 50 விநாடி. கழற்றிவிட்டு 65 விநாடி. சல்லடையில் நாலைந்து மணல் துகள் இருந்தன, கழுவியும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஷவர் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். "3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 12 லிட்டர்" என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கும்போது இதை நான் படிக்கவே இல்லை.

பௌதிகம்:
அந்த ஒரு வரியில் எல்லாமே இருக்கிறது. உங்கள் வீட்டு அழுத்தம் 0.24 பார். பெட்டி சொல்வது 3 பார். அதாவது பன்னிரண்டரை மடங்கு வித்தியாசம். ஆனால் தண்ணீர் அதே விகிதத்தில் குறையாது. ஓட்டையிலிருந்து வெளிவரும் நீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் நாலு மடங்கானால் நீர் இரண்டு மடங்குதான் ஆகும். 12.5-இன் வர்க்கமூலம் சுமார் 3.5. 12 லிட்டரை அதால் வகுத்தால் 3.4 லிட்டர் வருகிறது. உங்கள் பக்கெட் கணக்கும் நிமிடத்துக்கு 3.5 லிட்டர். ஷவரில் கோளாறு எதுவும் இல்லை, பெட்டியில் சொன்னபடியே வேலை செய்கிறது.

இதே கணக்கைக் கடையிலேயே போடலாம். பெட்டியில் ஒரு அழுத்தமும் ஒரு லிட்டர் அளவும் இருக்கும். இரண்டும் தெரிந்தால் உங்கள் வீட்டில் எவ்வளவு வரும் என்று வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: சில ஷவர்களில் அழுத்தத்துக்கு ஏற்பத் தானே சுருங்கி விரியும் ரப்பர் வளையம் உள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்கும். அவற்றுக்கு இந்த வர்க்கமூலக் கணக்கு அப்படியே பொருந்தாது.

நீர்த்துளி:
அப்படியானால் நான் சொன்னதுதானே? வில்லையை எடுத்துவிட்டால் வெறும் குழாயில் வரும் 9 லிட்டரும் கிடைத்துவிடும்.

குழாய்ப்பெட்டி:
9 முழுதாக வராது, 6 அல்லது 7 வரலாம். இவர் வீட்டு அழுத்தத்துக்கு வில்லையை எடுப்பதில் தப்பு இல்லை. அது அழுத்தம் அதிகமுள்ள வீடுகளில் தண்ணீரைக் கட்டுப்படுத்த வைத்த பொருள். அமெரிக்காவில் ஷவருக்கு நிமிடம் 2.5 கேலன், அதாவது சுமார் 9.5 லிட்டர்தான் என்று சட்டமே போட்டு 1994-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வரம்பும் அழுத்தம் நன்றாக உள்ள குழாய்க்காக வந்ததுதான், மாடித் தொட்டிக்கு அது பொருந்தாது. எடுத்தால் உத்தரவாதம் போகுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எடுத்தாலும் இவருக்குத் திருப்தி வரும் என்று நான் நினைக்கவில்லை. 25 செ.மீ. வட்டத்தின் பரப்பு 10 செ.மீ. வட்டத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அதே 7 லிட்டரை அந்தப் பரப்புக்குப் பிரித்துக் கொடுத்தால் மேலெல்லாம் நனையும், நுரை இறங்காது. 10 செ.மீ. முகத்தில் கொடுத்தால் அதே தண்ணீர் கனமாக விழும். பெரிய முகத்துக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், நல்ல அழுத்தமும் வேண்டும். ரெயின் ஷவர் அழகான பொருள்தான், நானே பல வீடுகளில் மாட்டியிருக்கிறேன். ஆனால் 1 பாருக்குக் கீழே அதை யாருக்கும் நான் சொல்வதில்லை.

பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ "குறைந்தபட்ச அழுத்தம்" என்று ஒரு எண் இருக்கும். அது 0.2 பார் அல்லது அதற்கும் கீழே இருக்கிற ஷவராகப் பாருங்கள். அந்த எண்ணே போடாத பொருளை உங்கள் வீட்டுக்கு வாங்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். 2.4 மீட்டருக்கு வெறும் குழாயில் 65 விநாடி என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. தொட்டியிலிருந்து இறங்கும் இடத்தில் கேட் வால்வு இருக்கும். அது முழுதாகத் திறந்திருக்கிறதா என்று ஒரு தரம் ஏறிப் பாருங்கள்.

தாழ்வாரம்:
அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததால் சொல்கிறேன். என் மாமியாரை ஆறு வருஷம் நான்தான் குளிப்பாட்டினேன். முழங்கால் வலி உள்ளவருக்கு மேலே பதித்த ஷவர் எதுவும் உதவாது. நின்றுகொண்டு குளிப்பதே அவருக்குப் பயம், கண்ணை மூடி முகம் கழுவும்போது தடுமாறும். ஹேண்ட் ஷவரும் வழுக்காத ஸ்டூலும் வையுங்கள். உட்கார்ந்தபடி தானே எங்கே வேண்டுமோ அங்கே பிடித்துக்கொள்வார். தானே குளிக்க முடிகிறது என்பது வயதானவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அருகில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஹோஸ் நீளத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான் பெட்டியில் வரும். ஸ்டூலில் உட்கார்ந்து முதுகுப்பக்கம் கொண்டுபோக அது பற்றாது, 2 மீட்டர் தனியாக வாங்குங்கள். கைப்பிடி மெலிதாகவும் எடை குறைவாகவும் இருக்கட்டும். பித்தளையில் செய்த கனமான ஹேண்ட் ஷவர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஈரக்கையில் நழுவும், காலில் விழுந்தால் அடிபடும். பிளாஸ்டிக்கே போதும், அது சுடவும் செய்யாது.

ஷவரை மேலே கீழே நகர்த்த ஒரு கம்பி வரும். மகளுக்கும் அம்மாவுக்கும் உயரம் மாற்ற அது ரொம்ப உதவும். ஆனால் தயவு செய்து அதைப் பிடித்து எழ விடாதீர்கள். அது ஷவரைத் தாங்கத்தான், ஆளைத் தாங்காது. என் மாமியார் ஒரு தடவை அதைப் பிடித்து எழப் போக, சுவரிலிருந்து பெயர்ந்து கையோடு வந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் தாங்கிக்கொண்டேன். பிடித்து எழுவதற்கென்றே வருகிற கைப்பிடியைச் சுவரில் ஆழமாகத் துளையிட்டுத் தனியாகப் பதியுங்கள்.

பௌதிகம்:
தாழ்வாரம் அக்கா சொன்னதில் அழுத்தத்துக்கும் ஒரு லாபம் இருக்கிறது. உட்கார்ந்து ஹேண்ட் ஷவரைப் பிடிக்கும்போது அது மேல் ஷவரைவிட 1 மீட்டர் கீழே இருக்கும். ஹோஸ் எப்படி வளைந்து போனாலும் கணக்கில் வருவது ஷவர் முகம் இருக்கும் உயரம்தான். 2.4 மீட்டர் 3.4 ஆகிறது, 0.24 பார் 0.34 ஆகிறது. அம்மாவுக்கு வீட்டில் எல்லாரையும்விட வேகமான தண்ணீர் கிடைக்கும்.

வரப்பு:
பம்ப் வைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லையே? நாங்கள் தொட்டிக்கு அடியில் ஒரு பூஸ்டர் வைத்தோம், ரெயின் ஷவர் பிரமாதமாக வருகிறது.

குழாய்ப்பெட்டி:
வைக்கலாம். ஆனால் எதற்கு வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும். பூஸ்டர் போட்டால் அந்த ஒரு ஷவருக்கு மட்டும் இல்லை, அதன் பிறகு உள்ள எல்லாக் குழாய்க்கும் கீசருக்கும் அழுத்தம் ஏறும். பழைய இணைப்புகள் அதுவரை கசியாமல் இருந்ததே அழுத்தம் இல்லாததால்தான். கீசரில் எத்தனை பார் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும். சில பூஸ்டர்கள் தண்ணீர் ஓடுவதை உணர்ந்துதான் தானாக இயங்கும். தொட்டி மிகவும் தாழ்வாக இருந்தால் அந்த ஓட்டமே போதாமல் பம்ப் ஓடாமல் நிற்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அழுத்தம் குறைவதை உணர்கிற வகை வேண்டும். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது.

வரப்பு சொல்வது தப்பு இல்லை. இவருக்கு வேண்டியது நுரை இறங்குகிற தண்ணீரும் அம்மாவுக்கு வசதியும். அதற்குப் பம்ப் தேவைப்படாது என்பது என் கருத்து. தொட்டியை 1 மீட்டர் உயர்த்தி மேடை கட்டினாலும் 0.1 பார்தான் கூடும், ஆனால் இருப்பதே 0.24 என்பதால் அது தெரியும்.

கேணி:
கீசரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் முதலிலேயே சொல்ல வந்தேன். கீசரில் தண்ணீர் 60 டிகிரி, குழாயில் 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரிக்குக் கலந்தால் 25 லிட்டர் வெந்நீர் சுமார் 58 லிட்டர் குளியல் நீராகும். நிமிடத்துக்கு 12 லிட்டர் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 7 லிட்டர் என்றால் எட்டு நிமிடம். வெந்நீர் வெளியே போகப் போகக் குளிர்நீர் உள்ளே வருவதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

உடனடி கீசர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 3 கிலோவாட் கீசரால் நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 14 டிகிரிதான் சூடாக்க முடியும். அதில் 10 லிட்டர் கேட்கும் ஷவரை மாட்டிவிட்டு கீசர் சரியில்லை என்று சொல்வது நியாயம் இல்லை.

வெண்சுண்ணம்:
உப்புத் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் தண்ணீர் கடினம். கழற்றி மாட்டிய ஷவர் எல்லாமே ஆறு மாதத்தில் ஓட்டைகள் வெள்ளையாக அடைத்து, ஒரு தாரை சுவருக்கும் ஒரு தாரை கதவுக்கும் போகும். தண்ணீரைச் சுடவைக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதுதான் அந்த வெள்ளை. அதனால்தான் வெந்நீர் போகும் ஷவரில் சீக்கிரம் அடைக்கிறது.

இப்போது முகத்தில் ரப்பர் மாதிரி சிலிக்கோன் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஷவர் மட்டுமே வாங்குகிறேன். வாரம் ஒரு தரம் கட்டைவிரலால் தேய்த்துவிட்டால் படிவு உதிர்ந்துவிடும். உலோகத் தகட்டில் வெறும் ஓட்டை போட்ட ஷவரில் அது முடியாது. அதிகமாகப் படிந்துவிட்டால் வினிகரிலோ சிட்ரிக் அமிலம் கரைத்த நீரிலோ அரைமணி, ஒரு மணி நேரம் முகத்தை ஊறவைத்துத் தேய்ப்பேன். சுவரில் இருப்பதைக் கழற்ற முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி ஷவரோடு கட்டிவிடலாம். ராத்திரி முழுதும் விடாதீர்கள், பூச்சு மங்கிப்போகும். வினிகரோடு பிளீச்சிங் கரைசலை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஆற்றங்கரை:
ஷவருக்குள்ளேயே ஃபில்டர் வைத்து வருகிறதே, அது உப்பை எடுத்துவிடுமா? முடி உதிர்கிறது என்று என் தங்கை வாங்கச் சொல்கிறாள்.

வெண்சுண்ணம்:
எடுக்காது சகோதரி. கார்பன் உள்ள ஃபில்டர் குளோரினையும் வாடையையும் ஓரளவு குறைக்கும். கடினத்தன்மையை எடுக்க அயனிப் பரிமாற்றம் செய்யும் ரெசினும், அதை அவ்வப்போது உப்புநீரால் புதுப்பிக்கும் அமைப்பும் வேண்டும். கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன உருண்டைகளால் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டரை மென்னீராக்க முடியாது. அழுத்தம் குறைந்த வீட்டில் ஃபில்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்றுவிடும் என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள். முடி உதிர்வதற்கு முதலில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

தாழ்வாரம்:
மொட்டைமாடி, ஒரு விஷயம் விட்டுப்போனது. 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். குழந்தைக்கும் வயதானவருக்கும் தோல் மெலிது. குளிர்நீரைத் திறந்த பிறகு வெந்நீரைத் திறக்கவும், மூடும்போது வெந்நீரை முதலில் மூடவும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கைப்பிடியில் நிறுத்தும் பொத்தான் உள்ள ஹேண்ட் ஷவர் என்றால், அதை அழுத்திவிட்டு அப்படியே போய்விடக் கூடாது. குழாயையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ் எப்போதும் அழுத்தத்தில் நிற்கும், இரண்டையும் கலந்து தரும் மிக்சர் குழாய்க்குள் வெந்நீரும் குளிர்நீரும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவும் செய்யும்.

வரப்பு:
எங்கள் ரெயின் ஷவரில் மூடிய பிறகும் பத்து நிமிடம் சொட்டுகிறது. வாஷர் போய்விட்டதா?

குழாய்ப்பெட்டி:
பத்து நிமிடத்தில் நின்றுவிட்டால் வாஷர் போகவில்லை. அகலமான முகத்துக்குள் தங்கிய தண்ணீர்தான் அது. ஷவரைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் ஒரு பக்கமாகச் சீக்கிரம் வடிந்துவிடும். மணிக்கணக்கில் நிற்காமல் சொட்டினால் வால்வைப் பிரித்துப் பாருங்கள்.

யாரும் பயன்படுத்தாத குளியலறை இருந்தால், வாரம் ஒரு முறை ஷவரைத் திறந்து சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். தெறிக்கும் திவலைகளை மூச்சில் இழுக்காமல் தள்ளி நில்லுங்கள். 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். திவலைகளோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடம் பரவியபோதுதான் அந்த நோயையே கண்டுபிடித்தார்கள். கீசரை 60 டிகிரியில் வைப்பதற்கும் அதுதான் காரணம்.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக எழுத முடியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

குழாய்ப்பெட்டி அண்ணா சந்தேகப்பட்டது சரி. தொட்டிக்கு அடியில் உள்ள கேட் வால்வு பாதிதான் திறந்திருந்தது. புதுப்பித்தபோது மூடியவர்கள் முழுதாகத் திறக்காமல் போயிருக்கிறார்கள். திறந்ததும் வெறும் குழாயில் பக்கெட் 50 விநாடியில் நிரம்பியது. அப்புறம் ரெயின் ஷவரின் வில்லையை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் கூடியது உண்மை, எல்லா ஓட்டைகளிலும் வந்தது. ஆனால் தலையில் படும்போது பாரமே இல்லை, தாரை மெல்லச் சரிந்து விழுகிறது. வில்லையைத் திரும்பப் போட்டு ஷவரைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது தரம் கடைக்கு அளவுகளை எழுதிக்கொண்டு போனேன். 10 செ.மீ. முகம், சிலிக்கோன் முனை, குறைந்தபட்ச அழுத்தம் 0.2 பார் என்று போட்ட பிளாஸ்டிக் ஹேண்ட் ஷவர், 2 மீட்டர் ஹோஸ், நகர்த்தும் கம்பி வாங்கினேன். கைப்பிடியைத் தனியாகப் பதித்தாயிற்று. இப்போது 10 லிட்டர் 80 விநாடியில் நிரம்புகிறது, அதாவது நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். முன்பு வந்ததைப் போல இரண்டு மடங்கு. நேற்று அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, கதவைத் தாழ் போடாமல் சாத்திக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். பக்கெட்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு பிரச்சினை. ஹோஸ் குழாயோடு சேரும் இடத்தில் மெல்லக் கசிகிறது. டெஃப்லான் டேப் எட்டுச் சுற்று சுற்றிப் பார்த்தேன், இன்னும் அதிகமாகிறது.

குழாய்ப்பெட்டி:
டேப்பை முழுக்க உரித்து எடுங்கள். ஹோஸ் நட்டுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், அங்கே தண்ணீரைத் தடுப்பது அதுதான். மரையில் டேப் தடித்தால் நட்டு முழுதாக உட்காராது, வாஷர் அழுந்தாது. டேப் சுவரிலிருந்து வரும் இரும்பு அல்லது பித்தளை மரைக்குத்தான், அங்கேயும் மரை ஏறும் திசையில் சுற்ற வேண்டும். ஹோஸை வெறும் கையால் இறுக்கி, அதன்பின் துணி சுற்றி ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். அதிகம் முறுக்கினால் வாஷர் நசுங்கிவிடும். வாஷர் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெட்டியிலேயே விழுந்து கிடக்கும்.

மொட்டைமாடி:
பெட்டியின் மூலையில் சின்ன உறைக்குள் இருந்தது அண்ணா. போட்டேன். கசிவு நின்றுவிட்டது.